கிடைக்காது என்று நாமே ஏன் முடிவு செய்ய வேண்டும்?

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி கேட்கிறது. "மகாபொலவுக்குப் போட்டு என்ன பிரயோசனம்? எங்க வீட்டுல ரெண்டு சம்பளம். நமக்கெல்லாம் குடுக்க மாட்டாங்க." இதைச் சொல்கிறவர்கள் படிவத்தைப் பார்த்தவர்கள் அல்ல. பக்கத்து லயத்தில் யாரோ சொன்னார், போன வருடம் யாருக்கோ கிடைக்கவில்லை, அவ்வளவுதான் ஆதாரம். அந்தப் பேச்சை நம்பி விண்ணப்பமே போடாமல் விட்ட குடும்பங்களை ஒவ்வொரு தோட்டத்திலும் காணலாம்.

கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்க ஒரு ஆணைக்குழு இருக்கிறது, ஒரு நிதியம் இருக்கிறது, சம்பளம் வாங்கும் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்ல வேண்டிய "இல்லை"யை அடுப்படியில் இருந்துகொண்டு நாமே சொல்லிக்கொள்கிறோம்.

மகாபொல என்பது யாரும் போடுகிற பிச்சை அல்ல. 1981ஆம் ஆண்டு அன்றைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி காலத்தில் சட்டம் போட்டு உருவாக்கிய நிதியம் அது. அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை என்றாலும் சாப்பாடு, அறை, பஸ், போட்டோகொப்பி எல்லாம் காசு என்பதால்தான் அப்படி ஒன்று தேவைப்பட்டது. 2025 வரவு செலவுத்திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயாக இருந்த மகாபொல 7,500 ஆக்கப்பட்டது. மகாபொல கிடைக்காதவர்களுக்கென்று இருக்கிற பர்சரி என்ற உதவிப்பணம் 4,000இலிருந்து 6,500 ஆனது. 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் 7,500 ரூபாய் என்பது ஐந்தரைப் பேராக இருந்தது. அட்டைக்கடியில் நாட்கணக்கில் கொழுந்து பறித்தால் வரும் காசு மாதா மாதம் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும் என்றால் அதை விசாரித்துப் பார்க்காமலே விடுவதற்கு நம்மிடம் என்ன வசதி இருக்கிறது?

பெற்றோரின் வருமானத்தையும் பிள்ளையின் உயர்தரப் புள்ளியையும் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. வருமானத்துக்கு ஒரு எல்லை உண்டு என்பதும் உண்மை. அந்த எல்லை எவ்வளவு என்பதை, பிள்ளை தெரிவான வருடத்துக்குரிய பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அறிவித்தலில் பார்க்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் மாமா மகன் போட்டபோது இருந்த எல்லையை வைத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது.

இனி அந்த "ரெண்டு சம்பளம்" என்ற கதைக்கு வருவோம். இங்கேதான் நம்முடைய குடும்பங்கள் கூடுதலாகத் தடுக்கி விழுகின்றன.

வெளியில் இருந்து பார்க்கிறவர் கணக்குப் போடும் விதம் இதுதான். நாட்சம்பளம் 1,350 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள். 33,750 ரூபாய். வருடத்துக்கு 4,05,000. புருஷனும் பெண்சாதியும் வேலை செய்தால் 8,10,000. இந்தத் தொகையைக் கேட்டால் நமக்கே மயக்கம் வரும். இவ்வளவு வருமானம் உள்ள வீட்டில் கடைக் கணக்கு ஏன் மாதா மாதம் மிஞ்சி நிற்கிறது?

பெரட்டுக்குப் போகிற யாருக்கும் விடை தெரியும். 25 பேர் எங்கே விழுகிறது? கொழுந்து இல்லாத மாதத்தில் கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை. மழை, வரட்சி, கவ்வாத்து மலை, பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி, மரண வீடு. இவற்றையெல்லாம் தாண்டி மலைக்குப் போனாலும் கொடுத்த கிலோவைப் பறிக்காவிட்டால் அரைப்பேர். ஒரு தாய்க்கு வருடம் முழுவதும் சராசரியாக மாதம் 17 பேரும், தகப்பனுக்கு 20 பேரும் விழுகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தாய்க்கு 2,75,400. தகப்பனுக்கு 3,24,000. இரண்டும் சேர்ந்து 5,99,400. வெளியாள் போட்ட கணக்குக்கும் இதற்கும் இடையில் இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். இந்த இரண்டு லட்சம் எந்த வீட்டுக்கும் வந்ததே இல்லை. ஆனால் நம்முடைய தலைக்கு மேல் வருமானமாகக் கணக்கு வைக்கப்படுகிறது.

ஒரு வீட்டில் தாய் மட்டும் தோட்டத்தில் பேர் பதிந்தவர், தகப்பன் மரக்கறித் தோட்டத்திலும் கொழும்பிலும் கிடைத்த நாளைக்குக் கூலி வேலை செய்கிறவர் என்றால் கணக்கு இன்னும் மாறும். காணியைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ கணக்கில் வாங்குகிற முறைக்கு மாறிவிட்ட தோட்டங்களில் அது வேறு மாதிரிக் குழப்பம். அங்கே கொழுந்துக்கு விழுந்த காசு ஒன்று, பசளைக்கும் மருந்துக்கும் வெட்டிய பிறகு வந்த காசு வேறொன்று. மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லாததால் சம்பளச் சீட்டும் சரியாக இல்லை. இப்படிப்பட்ட குடும்பங்கள் "எங்களிடம் காட்டக் கடதாசி இல்லை" என்று ஒதுங்கிவிடுகின்றன. தோட்டக் காரியாலயத்தில் கொழுந்துக் கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதிலிருந்து பிரதி எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

சென்ற வருடம் நமது கிளையில் ஒரு குடும்பத்தின் படிவத்தை நிரப்ப நானும் உட்கார்ந்தேன். மகள் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். தகப்பன் தொழிற்சாலையில் வேலை, தாய் மலையில். தகப்பன் தொடக்கத்திலேயே, "வேண்டாங்க, நம்மளுக்குக் கெடைக்காது, கிராம சேவகர்கிட்டப் போய் வெட்கப்படணும்" என்றார். தாய் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்து வைத்தார். அதில் இரண்டு வருடச் சம்பளச் சீட்டு, இருவருடையதும், மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு இருந்தது. கூட்டிப் பார்த்தபோது தகப்பன் வாயால் சொன்ன தொகைக்கும் சீட்டு சொன்ன தொகைக்கும் பெரிய இடைவெளி. அவர் சொன்னது நல்ல மாதத்துச் சம்பளம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். யாருக்கும் தன் சம்பளத்தைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. அந்தப் பிள்ளைக்கு மகாபொல வரவில்லை. பர்சரி வந்தது. இப்போது விடுதிச் சாப்பாட்டுக் காசுக்கு வீட்டுக்குப் போன் வருவதில்லை என்று தாய் சொல்கிறார்.

அந்தப் பொலித்தீன் பையை எல்லா வீட்டிலும் வைத்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டைக் கிழித்து அடுப்பு பற்றவைக்கிற வழக்கத்தை விடுங்கள். உயர்தரம் படிக்கிற பிள்ளை உள்ள வீட்டில் கடைசிப் பன்னிரண்டு மாதச் சீட்டாவது பத்திரமாக இருக்கட்டும். அத்தோடு தோட்டக் காரியாலயத்தில் போய், "வருடத்துக்கு எத்தனை பேர் விழுந்தது, மொத்தம் எவ்வளவு சம்பளம்" என்று இரண்டையும் எழுதி முத்திரை குத்திய கடிதமாகக் கேளுங்கள். "நாட்சம்பளம் இவ்வளவு ரூபாய்" என்று மட்டும் எழுதிய கடிதம் நமக்கு உதவாது. அதைப் பார்த்துத்தான் கிராம உத்தியோகத்தர் 25ஆல் பெருக்குகிறார், சிலர் 30ஆலும் பெருக்குகிறார்கள். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் நாம் கொடுத்த கடதாசி அவ்வளவுதான் சொல்கிறது.

படிவத்தில் பொதுவாகக் கேட்பது கழிவுகளுக்கு முந்திய மொத்தச் சம்பளத்தை. சேமலாப நிதி, தீபாவளி முற்பணம், கோயில் காசு, சந்தா எல்லாம் வெட்டிய பிறகு கைக்கு வந்ததை எழுதினால் கடிதமும் படிவமும் ஒத்துப்போகாது, திருப்பி அனுப்புவார்கள். விழுந்த பேருக்கு உரிய மொத்தத்தை எழுதுங்கள். ஆனால் விழாத பேரை எழுதாதீர்கள்.

விண்ணப்பம் போடாமல் விடுவதற்கு இன்னும் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, "அஸ்வெசும பட்டியல்ல எங்க பேர் வரல்ல, அப்ப இதுவும் வராது." இரண்டும் ஒன்றல்ல. 2023இல் தொடங்கிய அஸ்வெசுமவுக்கு 22 குறிகாட்டி வைத்துப் புள்ளி போடுகிறார்கள். வீடு, சொத்து, மின்சாரம் என்று எல்லாம் அதில் வருகிறது. மகாபொலவுக்குப் பார்ப்பது பெற்றோரின் வருமானமும் பிள்ளையின் பெறுபேறும். அங்கே பெயர் விடுபட்டது இங்கே தடை அல்ல. (அஸ்வெசுமவில் தோட்ட வீடுகளுக்குப் புள்ளி போட்ட விதத்தைப் பற்றி எழுத நிறைய உண்டு. அது வேறொரு இதழுக்கு.)

மற்றது, "அண்ணன் கொழும்பில கடையில நிக்கிறான், அவன் சம்பளத்தையும் சேர்ப்பாங்க." படிவத்தில் அந்த வரியை வாசித்துப் பாருங்கள். பெற்றோரின் வருமானம் என்று கேட்டிருந்தால் அண்ணனின் சம்பளம் பெற்றோரின் வருமானம் அல்ல. ஆனால் தாய் குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்கிறார் என்றால் அது பெற்றோரின் வருமானம்தான், மறைக்கக் கூடாது. குடும்பத்தில் இன்னும் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று படிவம் கேட்பதும் சும்மா அல்ல. மூன்று தம்பி தங்கை பாடசாலையில் இருந்தால் மூவரையும் அதிபரின் கடிதத்தோடு எழுதுங்கள். வெறும் கோடு போட்டு விடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் எல்லைக்கு மேலே நிற்கிற குடும்பங்கள் உண்டு. கங்காணி, கணக்கப்பிள்ளை, தொழிற்சாலை உத்தியோகத்தர், சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள். தோட்டத்தில் அவர்கள் "வசதியானவர்கள்". கொழும்பு கணக்கில் பார்த்தால் ஒரு பிள்ளையை வெளியூரில் வைத்துப் படிப்பிக்கவே திணறுகிறவர்கள். அவர்களும் நம் சங்கத்து அங்கத்தவர்களின் உறவுக்காரர்கள்தான், பலர் நேற்றுவரை மலையில் நின்றவர்களின் பிள்ளைகள். அவர்களுக்கு நான் சொல்வது இரண்டு.

முதலாவது, அப்படியும் போடுங்கள். உண்மையான தொகையை எழுதிப் போடுங்கள். இன்று எல்லைக்கு மேல் இருக்கிற குடும்பம் பிள்ளை இரண்டாம் வருடம் வரும்போது எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? தகப்பன் ஓய்வு பெறலாம், தோட்டம் மூடப்படலாம், ஒரு நோய் வரலாம். அப்போது பல்கலைக்கழகத்தின் மாணவர் நலன்புரிப் பிரிவுக்கோ மாணவ ஆலோசகரிடமோ போய் நிற்கிற பிள்ளையிடம் முதலில் கேட்கிற கேள்வி, "மகாபொலவுக்குப் போட்டீர்களா, என்ன பதில் வந்தது?" என்பதுதான். போட்டு நிராகரிக்கப்பட்ட பிள்ளையிடம் காட்ட ஒரு பதில் இருக்கும். போடாத பிள்ளையிடம் ஒன்றும் இல்லை. நிராகரித்தால் காரணம் என்ன, மேன்முறையீடு செய்ய வழி உண்டா என்று கேட்கவும் போட்டவருக்குத்தான் முடியும்.

இரண்டாவது, மகாபொல என்ற ஒரு சொல்லோடு எல்லாக் கதவையும் மூடிவிடாதீர்கள். வருமானத்தை முதலில் வைக்காத உதவிகளும் இருக்கின்றன. இந்திய அரசாங்கம் இலங்கை மாணவர்களுக்கு வருடந்தோறும் கொடுக்கிற நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில், தகவல் தொழில்நுட்பத்துக்கான ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் போன்றவை பெறுபேற்றைப் பார்த்துக் கொடுப்பவை. கல்விக் கட்டணம், மாதாந்தக் கொடுப்பனவு, தங்குமிடக் கொடுப்பனவு எல்லாம் அதில் அடங்கும். அதே உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக நடக்கிற இலங்கை தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் 1947இலிருந்து இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கென்றே உள்ளது. உயர்தர மாணவருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் உதவுகிறது. நம்மில் எத்தனை பேர் அதன் பெயரையாவது கேட்டிருக்கிறோம்? அறிவித்தல் பத்திரிகையில் வரும்போது நாம் மலையில் நிற்கிறோம், பத்திரிகை தோட்டத்துக் கடைக்கு வரும்போது அதில் பருப்பு சுற்றியிருக்கிறார்கள்.

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி தப்பிப்போன பிள்ளைகளுக்கு 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கல்விக் கடன் திட்டம் ஒன்று உண்டு. அமைச்சு அங்கீகரித்த தனியார் நிறுவனத்தில் பட்டம் படிக்க அரச வங்கி ஊடாகக் கடன். அதற்கும் உயர்தரப் பெறுபேறுதான் முக்கியம். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வட்டி இல்லாவிட்டாலும் கடன் கடன்தான். பிணையாளர் கேட்பார்கள். அந்தப் பட்டத்துக்கு வேலை இருக்கிறதா என்று விசாரிக்காமல் விளம்பரத்தைப் பார்த்து ஓடாதீர்கள். ஆசிரியராக விருப்பம் உள்ள பிள்ளைக்குப் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி நம் காலடியில் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள், பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். "தொகையைக் கொஞ்சம் குறைச்சு எழுதிக்குவோம், எல்லாரும் அப்படித்தானே செய்யிறாங்க" என்கிற பேச்சும் நம்மிடையே இருக்கிறது. சில இடங்களில் படிவம் நிரப்பித் தருகிறவர்களே இதைச் சொல்லிக் கொடுத்து, அதற்கு இருநூறு முந்நூறு ரூபாயும் வாங்கிக்கொள்கிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பொய் என்று பின்னால் தெரிந்தால் கொடுப்பனவை நிறுத்துவது மட்டுமல்ல, கொடுத்ததையும் திருப்பிக் கேட்க முடியும். கையெழுத்து வைத்தது பிள்ளை. பட்டம் முடிகிற நேரத்தில் தலை குனிந்து நிற்பதும் பிள்ளைதான். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தோட்டத்தில் இருந்து வருகிற வருமானக் கடிதங்கள் நம்ப முடியாதவை என்று ஒரு பிரதேச செயலகத்தில் ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால், மாதம் 14 பேர் மட்டும் விழுகிற விதவைத் தாய் கொண்டுபோகிற உண்மையான கடிதத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

எதிர்ப்பக்கத்தில், ரொம்ப நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். "நம்மள விடக் கஷ்டப்பட்டவங்க இருக்காங்க, அவங்க பங்கை நாம எடுக்கக் கூடாது" என்று ஒதுங்குகிறவர்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, உடன்பாடு இல்லை. உண்மையான தொகையை எழுதி விண்ணப்பிக்கிறவர் யாருடைய பங்கையும் எடுப்பதில்லை. ஒழுங்கு வரிசையில் யாருக்குக் கொடுப்பது என்பதை எண்ணிக்கையை வைத்திருக்கிறவர்கள் பார்ப்பார்கள். நகரத்தில் இரண்டு அரச சம்பளம் வாங்கும் வீட்டுப் பிள்ளை எந்தக் கூச்சமும் இல்லாமல் படிவத்தை நிரப்பும்போது, லயத்துப் பிள்ளை மட்டும் ஏன் நியாயம் பார்த்து விலகிக்கொள்ள வேண்டும்? இலவசக் கல்வி 1945இல் நாட்டுக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது எழுபதுகளில்தான். வரிசையில் கடைசியில் நிற்கப் பழகியது போதும்.

இதில் சங்கங்கள் யோசிக்க வேண்டிய ஒரு முடிச்சும் இருக்கிறது. 2021இல் ஆயிரம் ரூபாய்க்காகப் போராடினோம். 25 நாள் கணக்கில் அது வருடம் 3,00,000. 2024 செப்டெம்பரில் 1,350 ஆனபோது அதே கணக்கு 4,05,000. 1,700 ஆக்குவதாக 2025 வரவு செலவுத்திட்டத்தில் சொன்னார்கள். அந்தத் தொகைக்கு அதே கணக்கு 5,10,000. சம்பளம் கூட வேண்டும், இன்னும் கூட வேண்டும், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அரிசியும் மாவும் பஸ் கட்டணமும் ஏறியதை ஈடுசெய்யவே போதாத அந்த உயர்வு, காகிதத்தில் நம்மை "வசதியானவர்" ஆக்கி, பிள்ளையின் உதவிப்பணத்தைத் தட்டிப் பறிக்குமானால், ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுத்த கதைதான். ஆகவே சம்பளம் ஒவ்வொரு முறை கூடும்போதும் புலமைப்பரிசிலுக்கான வருமான எல்லையும் கூட வேண்டும் என்பதைச் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்தே வைக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பணத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். சம்பள நிர்ணயச் சபையில் உட்காருகிற நம் தலைவர்கள் கல்வி அமைச்சின் படிக்கட்டிலும் ஏற வேண்டும். நாட்கூலிக்காரரின் வருமானத்தைக் கணக்கிடும்போது உண்மையில் விழுந்த பேரைத்தான் எடுக்க வேண்டும் என்று பிரதேச செயலகங்களுக்கு எழுத்தில் ஒரு அறிவுறுத்தல் போகச் செய்வது, பாராளுமன்றத்தில் நமக்காகப் பேசுகிறவர்களுக்கு ஒரு பெரிய வேலையா?

கம்பனிகளிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. வருமானக் கடிதத்துக்காக ஒரு தாய் மூன்று நாள் தோட்டக் காரியாலயத்துக்கு நடக்கிறார். துரை இல்லை, கிளாக்கர் லீவு, நாளைக்கு வா. அந்த மூன்று நாளில் ஒரு பேராவது போகிறது. பிறகு கிராம உத்தியோகத்தர், பிறகு பிரதேச செயலகம், பிறகு ஏதோ ஒரு கையெழுத்துக் குறைகிறது என்று திரும்பவும் முதலில் இருந்து. உதவிப்பணம் கிடைக்குமா என்று தெரியாத ஒரு விண்ணப்பத்துக்காக ஐயாயிரம் ரூபாய்ப் பேரை இழக்க வேண்டியிருந்தால் யாருக்குத்தான் மனம் வரும்? "கிடைக்காது" என்ற பேச்சுக்குப் பின்னால் பாதி இந்த அலைச்சலின் களைப்புத்தான். சம்பளப் பதிவு இப்போது பல தோட்டங்களில் கம்பியூட்டரில் இருக்கிறது. வருடக் கணக்கை ஒரு கடதாசியில் அச்சிட்டுக் கையெழுத்து வைக்கப் பத்து நிமிடம் போதும். கேட்ட அன்றே, காசு வாங்காமல், மாலை நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு தோட்டத் தலைவரும் துரையிடம் பேச வேண்டும். மாதம் தவறாமல் சந்தா வெட்டுகிற சங்கங்கள் வருடத்தில் ஒரு தரம் இதைச் செய்வது பெரிய காரியமல்ல.

படிவத்தைத் தமிழில் நிரப்பித் தமிழிலேயே கொடுக்கலாம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா என்று யாராவது திருப்பி அனுப்பினால், எந்தக் காரியாலயம், எந்தத் திகதி என்று குறித்துக்கொண்டு கிளையில் சொல்லுங்கள். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எல்லாக் கடதாசியிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். நம் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் வருமானத்தால் விழுவதைப் போலவே, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் பாடசாலைப் பதிவில் வேறு பெயரும் இருப்பதாலும் விழுகின்றன. தகப்பன் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் அதைத் திருத்த மாதக்கணக்கு ஆகும். ஆகவே பிள்ளை உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிற காலத்திலேயே அந்த வேலையை முடித்து வையுங்கள். முடிவுத் திகதிக்குக் கடைசிக் கிழமை என்று எதையும் விடாதீர்கள். ஹட்டனில் தபால் போடுகிற நாளில் மழை பெய்து பாதை மூடப்படும் என்பது நம் ஊரில் புதிதல்ல.

நமது கிளையில் இரண்டு வருடத்துப் படிவங்களின் பிரதியும், தோட்டக் காரியாலயத்துக்குக் கொடுக்க வேண்டிய கோரிக்கைக் கடிதத்தின் மாதிரியும் எடுத்து வைத்திருக்கிறோம். பல்கலைக்கழகத்தில் படிக்கிற நம் பிள்ளைகள் இருவர் விடுமுறைக்கு வரும்போது நிரப்ப உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், யாருக்கும் பேர் போகாது. வரும்போது சம்பளச் சீட்டுப் பையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.